ஆறு கிளை, ஒரே கையிருப்பு: கைமாற்று கொடுத்த கிளை அடுத்த முறை ஏன் "இல்லை" என்கிறது?

குடந்தைக்கிளை | சனிக்கிழமை இரவு 10:12

எல்லோருக்கும் வணக்கம். டெல்டாவில் எங்களுக்கு ஆறு மருந்துக் கடைகள். கும்பகோணத்தில் தலைமைக் கடையும் கிடங்கும். மற்றவை மன்னார்குடி, திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, காரைக்கால். கொள்முதலும் இருப்புக் கணக்கும் என் பொறுப்பு. கிடங்கிலிருந்து திங்கள், புதன், வெள்ளி வண்டி போகும். நடுவில் ஏதாவது தீர்ந்துபோனால் பக்கத்துக் கிளையிடம் போனில் கேட்டு, பஸ்ஸில் கொடுத்துவிடச் சொல்லி வாங்கிக்கொள்வார்கள். இத்தனை வருடமாக அப்படித்தான் ஓடுகிறது.

போன செவ்வாய் இரவு எட்டரை மணிக்குத் திருவாரூர் கடைக்கு ஒருவர் வந்தார். மகனுக்கு வலிப்பு நோய். லெவெடிராசிட்டம் 500, காலை ஒன்று, இரவு ஒன்று. அவர் நீட்டிய அட்டையில் இரண்டே மாத்திரை மிச்சம் இருந்தது. அன்று இரவுக்கு ஒன்று, மறுநாள் காலைக்கு ஒன்று. எங்கள் கடையில் இல்லை. கவுண்டரில் இருந்த பெண் ஒவ்வொரு கிளைக்கும் போன் போட்டார். மன்னார்குடியிலும் "ஸ்டாக் இல்லை" என்றே பதில் வந்தது. அவர் வேறு கடை தேடிப் போனார். கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. அது இன்றுவரை மனதை உறுத்துகிறது.

மறுநாள் கணினியில் பார்த்தால் மன்னார்குடியில் 14 அட்டை இருக்கிறது. நேரில் போனேன். ரேக்கில் மூன்று. மீதி 11 அட்டை கல்லாவுக்குக் கீழே இழுப்பறையில், ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருந்தது.

கிளை மேலாளர் எங்களிடம் 20 வருடமாக வேலை பார்ப்பவர். கோபமாகத்தான் கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "சார், தை மாசம் இதே திருவாரூருக்கு எட்டு அட்டை குடுத்தேன். திரும்பி வரல. நாலு நாள் கழிச்சு என் பேஷன்ட்டை நான் திருப்பி அனுப்புனேன். மாசக் கடைசியில 'ஏன் விற்பனை இறங்கிருச்சு'ன்னு நீங்கதான் கேட்டீங்க."

என்னிடம் பதில் இல்லை. ஆறு கடையிலும் சேர்த்துப் பார்த்தால் எங்களுக்குச் சரக்குப் பற்றாக்குறை அநேகமாக எந்த நாளும் இல்லை. ஆனால் கேட்ட இடத்தில் கிடைப்பதில்லை. உங்கள் தொழிலில் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?


டெல்டாபார்மா | சனிக்கிழமை இரவு 11:05

நான் வேறொரு கடைத் தொடரில் கிளை மருந்தாளுநர். அந்த மேலாளர் பக்கம் நின்று பேசுகிறேன், தவறாக நினைக்க வேண்டாம்.

கொடுக்கிற கிளைக்கு என்னென்ன வேலை விழுகிறது என்று எண்ணிப் பாருங்கள். கூட்ட நேரத்தில் ஒரு ஆளை விட்டு எடுக்கச் சொல்ல வேண்டும். பேட்ச் எண், எக்ஸ்பைரி பார்த்து எழுத வேண்டும். கட்டி, பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் அனுப்ப வேண்டும். அந்தப் பக்கம் வாங்கியவர்கள் கணினியில் வரவு வைக்க மறந்தால், ஆடிட்டில் குறைவு யார் தலையில் விழும்? கொடுத்தவர் தலையில். விற்பனை மட்டும் வாங்கிய கிளைக்குப் போகும்.

இன்னொன்று. எனக்கு 22 மாதம் எக்ஸ்பைரி உள்ள சரக்கைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஐந்து மாதம் உள்ளதை வாங்கிய அனுபவம் உண்டு. கணக்கில் எட்டுக்கு எட்டு சரி. ரேக்கில் அது சரியா? அந்தச் சரக்கை நான் தள்ள முடியாமல் கடைசியில் ரிட்டர்ன் போட்டேன்.

ஒரு கேள்வி. அந்த இழுப்பறையில் இருந்த 11 அட்டையோடு ஏதாவது சீட்டு இருந்ததா? நாங்களும் இப்படி எடுத்து வைப்போம். அது பதுக்கல் என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும்.


உதிரிபாகம் | ஞாயிறு காலை 6:48

நான் டிராக்டர் உதிரிபாகத் தொழில். சரக்கு வேறு, நோய் ஒன்றுதான். முதலில் கணக்கைச் சொல்கிறேன். ஏன் பகிர வேண்டும் என்று முதலாளிக்குப் புரிய வைக்க இது உதவும்.

ஒரு மாத்திரை ஒவ்வொரு கடையிலும் வாரம் சராசரி 4 அட்டை போகிறது என்று வையுங்கள். இப்படி எப்போதாவது ஒருவர் வந்து வாங்கும் சரக்கில் ஏற்ற இறக்கம் சராசரியின் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும். இங்கே 2. தட்டுப்பாடு வராமலிருக்க அதைப்போல் இரு மடங்கு, அதாவது 4 அட்டை கூடுதலாக வைக்கிறோம். ஆறு கடையும் தனித்தனியாக அப்படி வைத்தால் கூடுதல் இருப்பு 24 அட்டை.

ஆறையும் ஒரே கடையாகப் பார்த்தால் வாரத் தேவை 24. அதன் வர்க்கமூலம் ஐந்துக்குக் கொஞ்சம் கீழே. இரு மடங்கு 10. அதாவது 24 அட்டை செய்த வேலையை 10 அட்டை செய்யும். ஒரு ஊரில் எதிர்பாராமல் இரண்டு பேர் வந்தால், அதே வாரம் இன்னொரு ஊரில் ஒருவர் வராமல் போவார். அந்த ஈடுகட்டல்தான் லாபம். ஆறும் உண்மையில் ஒரே இடத்தில் இல்லை என்பதால் முழுப் பலன் வராது. ஆனால் கிளைக்குக் கிளை கைமாற்று ஒழுங்காக நடந்தால் பெரும்பகுதி வந்துவிடும்.

இந்தச் சிந்தனை ராணுவத்தில் வளர்ந்தது. அமெரிக்க விமானப்படையின் பழுதுபார்க்கும் பாகங்களுக்காக ரேண்ட் என்ற ஆய்வு நிறுவனத்தின் கிரெய்க் ஷெர்புரூக் 1968இல் ஒரு மாதிரி வெளியிட்டார். மத்தியக் கிடங்கு, அதன் கீழ் பல தளங்கள். எந்தப் பாகத்தை எங்கே எத்தனை வைத்தால் பறக்க முடியாமல் நிற்கும் விமானங்கள் குறையும் என்பது கேள்வி. கவனியுங்கள், அந்த மாதிரியில் தளத்துக்குத் தளம் கைமாற்று கிடையாது. எல்லாம் கிடங்கு வழியாகத்தான். அவசரத்துக்குப் பக்கத்துத் தளத்திடம் வாங்குவதைக் கணக்கில் சேர்த்தவர்கள் பிறகு வந்தார்கள், 1987இல் ஹவ் லீ, 1990இல் ஸ்வென் அக்ஸேட்டர். படித்தவர்களுக்கே கிடங்கிலிருந்து பக்கத்து வீட்டுக்கு வர ஏறக்குறைய இருபது வருடம் ஆகியிருக்கிறது. நாம் போனில் செய்வது அவ்வளவு சின்ன விஷயம் இல்லை.

நடைமுறையில் நாங்கள் பிடித்துக்கொண்ட ஒரே விதி: ஒவ்வொரு கடைக்கும், ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு அடிமட்டம். அதற்கு மேலே இருப்பது எல்லோருக்கும் பொது, கேட்டால் மறுக்கக் கூடாது. அதற்குக் கீழே இருப்பது அந்தக் கடைக்கே சொந்தம், முதலாளியே கேட்டாலும் கொடுக்க வேண்டியதில்லை. இரண்டாவது பாதி இல்லாமல் முதல் பாதி நிற்காது.


குடந்தைக்கிளை | ஞாயிறு மதியம் 1:30

டெல்டாபார்மா, நீங்கள் கேட்டதும் மன்னார்குடிக்குப் போன் செய்தேன். சீட்டு இருந்திருக்கிறது. நான்தான் பார்க்கவில்லை. 11 அட்டையில் ஆறு அட்டை வடுவூரிலிருந்து மாதா மாதம் 5ஆம் தேதி வரும் ஒரு பாட்டியின் பேத்திக்கு. பெயர், தேதி எல்லாம் எழுதி ரப்பர் பேண்டில் செருகி வைத்திருக்கிறார். அந்த மனிதரிடம் குரலை உயர்த்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

ஆக, உண்மையில் கொடுத்திருக்கக்கூடியது ரேக்கில் இருந்த மூன்றும் இழுப்பறையில் ஐந்தும். அதில் இரண்டு அட்டை வந்திருந்தால் அந்த அப்பாவுக்குப் பத்து நாள் ஓடியிருக்கும். ஒரு அட்டை வந்திருந்தால்கூட வெள்ளிக்கிழமை வண்டிவரை தாங்கியிருக்கும்.

உதிரிபாகம் அண்ணா, கணக்கு தெளிவாக இருக்கிறது. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் ஆறு ஊரிலும் ஒரே வாரத்தில் காய்ச்சல் ஏறும். அப்போது பாராசிட்டமாலும் ஓஆர்எஸ் பாக்கெட்டும் எந்தக் கிளையிடம் கேட்டாலும் இல்லை என்றுதான் வரும். அங்கே இந்த வர்க்கமூலக் கணக்கு செல்லுமா?


உதிரிபாகம் | ஞாயிறு மதியம் 2:15

செல்லாது. ஒரு ஊரில் கூடினால் இன்னொரு ஊரில் குறையும் என்ற நம்பிக்கையில் நிற்கிற கணக்கு அது. எல்லா ஊரிலும் சேர்ந்து கூடும் சரக்குக்குக் கைமாற்றால் பலன் இல்லை. எங்களுக்கு நடவுக்கு முன்னால் சில பாகங்கள் அப்படித்தான். சீசனுக்கு முன்பே வாங்கி எல்லாக் கடையிலும் இறக்கிவிடுவோம். அவற்றைக் கைமாற்றுப் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை.


குளிர்பெட்டி | ஞாயிறு இரவு 8:20

குடந்தைக்கிளை சொன்னதற்கு ஒரு பெரிய உதாரணம். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை நான்கு மாவட்டத்திலும் மின்கம்பங்கள் சாய்ந்து பல நாள் கரண்ட் இல்லை. அப்போது நான் வேலை பார்த்த இடத்தில் எல்லாக் கிளையின் ஃபிரிட்ஜும் ஒரே நேரத்தில் நின்றது. பக்கத்துக் கிளைக்கு இன்சுலினை மாற்றிவிடலாம் என்றால் பக்கத்துக் கிளையும் இருட்டில். திருச்சியிலிருந்துதான் வர வேண்டியிருந்தது. அதனால் என் யோசனை, ஆறு கிளைக்கு வெளியே, மழைக்காலத்தில் சேர்ந்து அடிவாங்காத ஒரு ஊரில் தெரிந்த ஸ்டாக்கிஸ்ட் (மொத்த மருந்து வியாபாரி) ஒருவரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

குளிரில் வைக்கும் சரக்கைக் கைமாற்றும் முறை பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு முறை நானே கெடுத்திருக்கிறேன். இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். வெயிலுக்குப் பயந்து, உறையவைத்த ஐஸ் பேக்கைத் தெர்மோகோல் பெட்டியில் அடியில் வைத்து, இன்சுலின் குப்பிகளை அதன்மேல் நேராக அடுக்கி பஸ்ஸில் கொடுத்துவிட்டேன். சூட்டைப் பற்றித்தான் நினைத்தேன், உறைவதைப் பற்றி நினைக்கவில்லை. போய்ச் சேர்ந்தபோது அடியில் இருந்த நான்கு குப்பி உறைந்து, பிறகு உருகியிருந்தன. பால்போலக் கலங்கி இருக்க வேண்டிய மருந்தில் வெள்ளைத் துணுக்குகள் மிதந்தன, குலுக்கியும் கலையவில்லை. உறைந்த இன்சுலினை யாருக்கும் கொடுக்கக் கூடாது. நான்கும் குப்பைக்குப் போயின.

பயமுறுத்துவது அந்த நான்கு இல்லை. தெளிவாக இருக்கும் வகை இன்சுலினாக இருந்திருந்தால், கண்ணால் பார்த்து நம்மால் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. அன்றிலிருந்து ஐஸ் பேக்கை வெளியே எடுத்து, மேலே வேர்த்து உள்ளே தண்ணீர் அசையும்வரை காத்திருந்து, நடுவில் அட்டைத் தடுப்பு வைத்துத்தான் கட்டுகிறேன். கட்டிய நேரத்தைப் பெட்டி மேல் எழுதுவேன். பெறுகிறவர் திறந்த நேரத்தை எழுதி போட்டோ அனுப்ப வேண்டும். இதற்கு நேரம் இல்லாத நாளில் இன்சுலினைக் கைமாற்றாமல் இருப்பது நல்லது, நோயாளியை அடுத்த கடைக்கு அனுப்பிவிடலாம்.


பேரேடு | திங்கள் காலை 9:40

கணக்காளர் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். காரைக்கால் கிளைக்கு எந்தத் தாளில் சரக்கு அனுப்புகிறீர்கள்? மற்ற ஐந்தும் தமிழ்நாடு, ஜிஎஸ்டி எண் 33 என்று தொடங்கும். காரைக்கால் புதுச்சேரி, 34.

ஒரே மாநிலத்துக்குள், ஒரே எண்ணில் இருக்கும் கிளைகளுக்கு நடுவே சரக்கு மாறினால் அது விற்பனை கிடையாது, வரி இல்லை. ஜிஎஸ்டி விதி 55இன்படி டெலிவரி சலான், அதாவது சரக்கோடு போகும் அனுப்புச் சீட்டு, போதும். மூன்று பிரதி, வரிசை எண்ணோடு. தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் இ-வே பில் என்ற இணையவழிப் போக்குவரத்துச் சீட்டு. நீங்கள் அனுப்பும் பத்து அட்டைக்கு அந்தக் கவலையே வராது.

நாகூரைத் தாண்டி வாஞ்சூருக்குள் நுழைந்ததும் கதை மாறுகிறது. முதலாளி ஒருவரே என்றாலும், வேறு மாநிலப் பதிவு என்றால் சட்டம் அதை வேறு ஆளாகத்தான் பார்க்கும். நாகப்பட்டினம் கடையிலிருந்து காரைக்கால் கடைக்கு ரெண்டு அட்டை போனாலும் வரி பில் போட வேண்டும், ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான வரி) கட்ட வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு 5 சதவீதம். காரைக்கால் கடை அதை உள்ளீட்டு வரவாக எடுத்து, தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும், பணம் போய்விடாது. ஆனால் முன்கூட்டியே எம்ஆர்பிக்குப் பில் போட்டு வரியை ஏன் அங்கே முடக்க வேண்டும்? வாங்குகிற பதிவு முழு வரவு எடுக்கத் தகுதி உள்ளதாக இருந்தால் பில்லில் போடும் மதிப்பையே சட்டம் ஏற்கிறது. கொள்முதல் விலைக்குப் போடுங்கள். திருப்பி அனுப்பும்போதும் அங்கிருந்து பில் வர வேண்டும். "அப்புறம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்பது இந்த ஒரு கிளையில் மட்டும் கூடவே கூடாது.

இன்னொரு இடத்தில் ஓட்டை விழும். மன்னார்குடியில் கழித்தாகிவிட்டது, திருவாரூரில் இன்னும் ஏற்றவில்லை. பஸ்ஸில் இருக்கும் இரண்டு மணி நேரம் சரக்கு எங்கே? சில கடைகளில் இரண்டு பக்கமும் காட்டும், சில கடைகளில் எந்தப் பக்கமும் காட்டாது. கணினியில் "வழியில்" என்று ஒரு கிடங்கு திறந்துவிடுங்கள். அனுப்புகிறவர் தன் கடையிலிருந்து "வழியில்" கிடங்குக்கு மாற்றுவார். பெறுகிறவர் எண்ணிப் பார்த்து அங்கிருந்து தன் கடைக்கு எடுப்பார். இரவு கடை மூடும்போது "வழியில்" பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் போன் போட வேண்டியது நீங்கள், கொடுத்தவர் இல்லை.


டெல்டாபார்மா | திங்கள் காலை 10:25

பேரேடு சொன்னதோடு மருந்துச் சட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உரிமம் கடையின் விலாசத்துக்கு. சில்லறைக்குப் படிவம் 20, 21. மொத்தத்துக்கு 20பி, 21பி. சில்லறை உரிமம் நோயாளிக்குக் கொடுப்பதற்கானது. கிளைக்குக் கிளை மாற்றுவதை எந்தத் தாளில், எந்த உரிமத்தின் பேரில் காட்டுவது என்று உங்கள் பகுதி மருந்து ஆய்வாளரிடம் ஒருமுறை நேரில் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பல கடைத் தொடர்கள் மொத்த உரிமம் உள்ள கிடங்கு வழியாகத்தான் எல்லா மாற்றத்தையும் கொண்டுபோகின்றன.

சலானில் பேட்ச் எண் இல்லாமல் ஒரு அட்டைகூடப் போகக் கூடாது. தரமற்றது என்று அறிவிக்கப்படும் பேட்ச் பட்டியல் மாதா மாதம் வருகிறது. அதில் ஒன்று உங்கள் மன்னார்குடி கொள்முதலில் இருந்து, அதில் நான்கு அட்டை துண்டுச்சீட்டில் நாகைக்குப் போயிருந்தால், எப்படித் திரும்ப எடுப்பீர்கள்?


வண்டித்தடம் | திங்கள் மதியம் 12:10

இவ்வளவு சுற்றுவதற்குக் கிளைகளில் இருப்பையே குறைத்து, எல்லாவற்றையும் கும்பகோணம் கிடங்கில் வைத்துத் தினமும் இரண்டு முறை வண்டி விட்டால் என்ன? கைமாற்றே தேவைப்படாதே.


குடந்தைக்கிளை | திங்கள் மதியம் 12:55

செலவைப் பார்த்துவிட்டேன் நண்பரே. காரைக்கால், நாகை, திருவாரூர், மன்னார்குடி என்று ஒரு சுற்று வந்தாலே வண்டிக்கு அரை நாளுக்கு மேல் ஓடிவிடும். இரண்டு சுற்றுக்கு இரண்டு வண்டி, இரண்டு டிரைவர். அப்படியும் இரவு எட்டரைக்கு வருகிறவருக்கு மறுநாள்தான் மருந்து. மன்னார்குடியிலிருந்து திருவாரூருக்கு ஒரு மணி நேரத்தில் பஸ் வந்துவிடுகிறது.

ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறேன். மாதத்துக்கு ஒன்றிரண்டு மட்டும் போகும், விலை அதிகமான மருந்துகளை ஆறு கிளையிலும் வைப்பது வீண். அவற்றைக் கிடங்கிலும் நாகையிலும் மட்டும் வைக்கலாம் என்று பட்டியல் எடுக்கிறேன்.


பழையஇன்டென்ட் | திங்கள் இரவு 9:15

பணி ஓய்வு பெற்ற அரசு மருந்தாளுநர் நான். தனியார் கடை நடைமுறை எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. ஆனால் நீங்கள் பேசுவது எனக்குப் பழைய நாளை நினைவுபடுத்துகிறது.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கப்பட்டது. மறு ஆண்டு மருந்து வழங்கத் தொடங்கியது. மாவட்டத்துக்கு ஒரு மருந்துக் கிடங்கு. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். இந்த வருடம் இவ்வளவு ரூபாய் மதிப்புக்கு மருந்து எடுக்கலாம் என்று அதில் வரவு இருக்கும். இன்டென்ட் (தேவைப் பட்டியல்) எழுதிக் கிடங்குக்குப் போனால், எடுத்ததன் மதிப்பு வரவிலிருந்து கழிந்து பதிவாகும். எந்த மருந்து எவ்வளவு என்று மேலிருந்து யாரும் பங்கு போட்டுத் திணிக்கவில்லை. எங்களுக்கு வேண்டியதை நாங்கள் எடுத்தோம். கேரளமும் ராஜஸ்தானும் பிறகு இதே வழியில் கழகங்கள் அமைத்தன.

நான் கண்ணால் பார்த்த மாற்றம் இது. மேலிருந்து ஒதுக்கீடு வந்த காலத்தில் எங்கள் ஸ்டோரில் பெட்டி பெட்டியாகச் சரக்கு அடைந்து கிடக்கும். அடுத்தது எப்போது வரும் என்று தெரியாது, அதனால் எதையும் விடமாட்டோம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து கேட்டு வந்தால் ஸ்டோர்கீப்பர் சாவியைத் தேடுவார், சாவி கிடைக்காது. பாஸ்புக் வந்த பிறகு அதே ஸ்டோர்கீப்பர் கேட்டதும் எடுத்துக் கொடுத்தார். மனிதர் மாறவில்லை. அடுத்த வாரம் கிடங்குக்குப் போனால் கிடைக்கும் என்ற உறுதி வந்திருந்தது, அவ்வளவுதான். எந்தக் கிடங்கில் எவ்வளவு இருக்கிறது என்று தலைமையிடத்துக்குத் தெரிந்ததால், ஒரு மாவட்டத்தில் தேங்கியதை இன்னொரு மாவட்டத்துக்கு மாற்றினார்கள்.

உங்கள் மன்னார்குடி மேலாளருக்கு அந்த உறுதியைக் கொடுங்கள் தம்பி. கொடுத்தது திரும்பி வரும் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தால் இழுப்பறை தானாகக் காலியாகும்.


குடந்தைக்கிளை | புதன் இரவு 10:40

ஐயா, சாவி கிடைக்காத ஸ்டோர்கீப்பரைப் பற்றி நீங்கள் எழுதியதை ஆறு கிளை மேலாளர்களுக்கும் வாசித்துக் காட்டினேன். மன்னார்குடிக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

இன்று உட்கார்ந்து முடிவு செய்தது இது. கைமாற்றுப் பட்டியலில் இப்போதைக்கு 120 மருந்து. வலிப்பு, தைராய்டு, இதயம், மனநல மருந்துகள் முக்கியமாக. காய்ச்சல் சரக்கு அதில் இல்லை. இன்சுலினை, குளிர்பெட்டி சொன்ன மாதிரி கட்டப் பழகிய நாகை, கும்பகோணம் இரண்டு கடை மட்டும் அனுப்பலாம்.

அடிமட்டத்தை ஒரே எண்ணாக வைக்க மாட்டோம். வெள்ளி சாயங்காலம் வண்டி வந்து போனதும் மூன்று நாள் விற்பனையைக் கையில் வைத்துக்கொண்டு மீதியைக் கொடுக்கலாம். ஞாயிறு இரவு கேட்டால் இன்னும் தாராளமாகக் கொடுக்கலாம், விடிந்தால் வண்டி வரும். பெயர் எழுதிய சரக்கு இருப்பிலேயே சேராது. அதைக் கணினியில் தனியாகக் காட்டுகிறோம், இழுப்பறையில் ஒளிக்க வேண்டியதில்லை.

கொடுத்த கிளைக்கு அடுத்த வண்டியில் முதல் பெட்டி. வாங்கிய கிளை திருப்பித் தர வேண்டியதே இல்லை, கிடங்குதான் ஈடு செய்யும். எக்ஸ்பைரி கொடுத்ததற்குக் குறையாமல் இருக்க வேண்டும். விற்பனையில் பாதி கொடுத்த கிளையின் கணக்கில் ஏறும். பழைய சரக்கைத் தள்ளிவிடுவதற்குக் கைமாற்று வழியைப் பயன்படுத்தக் கூடாது. அதற்கு மாதம் ஒருமுறை தனியாக உட்கார்ந்து, எந்தக் கடையில் ஓடும் என்று பார்த்து நானே மாற்றுவேன்.


டெல்டாபார்மா | புதன் இரவு 11:20

கிடங்கே ஈடு செய்யும் என்பதுதான் இதில் உயிர். இரண்டு கிளை மேலாளர்கள் ஒருவரையொருவர் துரத்த வேண்டாம்.

பாதி விற்பனை விஷயத்தில் எனக்குத் தயக்கம். கணக்கு சிக்கலாகும், அப்புறம் யாருக்கு எவ்வளவு என்று சண்டை வரும். அதைவிட, மாதக் கூட்டத்தில் விற்பனையைப் பார்க்கும்போது "கொடுத்தது" என்று இன்னொரு பத்தியையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். முதலாளி வாயால் அதைக் கேட்டாலே போதும் எங்களுக்கு.


குடந்தைக்கிளை | ஐந்து வாரம் கழித்து, வெள்ளி இரவு 9:50

கேட்டவர்களுக்காக நிலவரம் எழுதுகிறேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

மயிலாடுதுறை இன்னும் கொடுக்கத் தயங்குகிறது. காரணம் நாங்கள்தான். இரண்டாவது வாரம் அவர்களுக்கு ஈடு செய்ய வேண்டிய தைராய்டு மாத்திரை கிடங்கிலேயே இல்லை, மூன்று நாள் தாமதமாகப் போனது. ஒரு தடவை தவறினால் அவ்வளவுதான் என்று புரிந்தது. இப்போது பட்டியலில் உள்ள 120க்கும் கிடங்கில் ஈடு செய்வதற்கென்று தனியாக ஒரு தட்டு வைத்திருக்கிறேன். கடைகளின் வழக்கமான இன்டென்டுக்கு அதைத் தொடுவதில்லை.

காரைக்காலுக்கு நாகையில் வரி பில் போடும் வசதியை மென்பொருளில் திறந்துவிட்டோம். அங்கே இருந்த மருந்தாளுநர் அம்மா இரண்டே நாளில் பழகிவிட்டார். ஆய்வாளரைப் பார்த்துப் பேசிய பிறகு, மாற்றம் எல்லாவற்றுக்கும் கிடங்கின் உரிம எண்ணிலேயே தாள் போடுகிறோம்.

பாதி விற்பனை யோசனையைக் கைவிட்டோம். "கொடுத்தது" பத்தியை வைத்தோம். முதல் மாதக் கூட்டத்தில் அதில் மன்னார்குடிதான் மேலே இருந்தது. முதலாளி அதைச் சத்தமாகப் படித்தார்.

திருவாரூருக்கு வந்த அந்த அப்பாவைத் தேடினோம். கவுண்டர் பெண்ணுக்கு முகம் நினைவிருந்தது, பெயர் தெரியாது. போன திங்கள் அவரே வந்தார். அன்று ஆஸ்பத்திரி வாசலில் இருந்த கடையில் ஒரு அட்டை கிடைத்ததாம். இப்போது அவர் மகன் பெயரிலும் ஆறு அட்டை எடுத்து வைக்கிறோம்.


வண்டித்தடம் | வெள்ளி இரவு 10:15

நல்ல செய்தி. எங்கள் மூன்று கடைக்கும் இதைத் தொடங்கப் பார்க்கிறேன். மென்பொருள் மாற்ற இப்போது வசதி இல்லை. நோட்டில் எழுதுவதாக இருந்தால் என்னென்ன பத்தி போடுவது?


குடந்தைக்கிளை | வெள்ளி இரவு 10:32

நாங்களும் முதல் இரண்டு வாரம் நோட்டில்தான் எழுதினோம். தேதி, நேரம், மருந்து, பேட்ச், எக்ஸ்பைரி, எண்ணிக்கை, யார் கேட்டது, யார் கொடுத்தது, எந்தப் பஸ், பெற்றவர் கையெழுத்து. கடைசியாக "ஈடு போன தேதி" என்று ஒரு பத்தி. அந்தப் பத்தி காலியாக இருக்கும் வரிகளைத் தினமும் காலையில் கடை திறந்ததும் முதலில் பாருங்கள்.